சுழியில் நிற்காத முள்

இதுவரை இந்த வீட்டுப் பக்கம் வராதவர்கள் வாசலில் நின்று தயங்க வேண்டாம். நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம்.

தெருவே தராசுக்காரர் என்று கூப்பிடும் பெரியவருக்கு வலது முழங்காலை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. முப்பத்து நான்கு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்த அதிகாரி அவர். புது முட்டி நன்றாகத்தான் இருக்கிறது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது. வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டும்போது அது தொண்ணூறு டிகிரி மடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து அவர்களே பிடித்து மடக்குவார்கள். அவருடைய சிறுநீரகம் இருக்கும் லட்சணத்துக்கு இன்னொரு மயக்கமா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்குகிறார்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மடக்கலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் போட்ட மாத்திரைதான் சிறுநீரகத்தில் கைவைத்தது. வேறு வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் நர்ஸைப் பார்த்து, "உன் கடை லைசென்ஸ் எங்கே?" என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ராத்திரிக்கு மட்டும் ஒரு லேசான மாத்திரை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது அந்த நர்ஸ்தான் மருமகளை ஓரமாக அழைத்து, "பிடிச்ச பாட்டைக் கேட்டுக்கிட்டே பயிற்சி பண்ணச் சொல்லுங்க. சிலருக்கு வலி கொஞ்சம் குறையுது" என்றாள்.

மருமகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் ஒரு காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வது அவள் வேலை. சத்தத்தால் ஒரு மனிதனுக்கு என்னென்ன ஆகும் என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு குறுகுறுப்பு உண்டு. ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினாள். வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை மாமனாரைச் சொல்ல வைத்து, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

எண் சொல்வதில் மாமனாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் ஏழு, எட்டு என்பார்கள். அவர் ஏழே முக்கால் என்பார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பாட்டு ஓடியது. வலி எட்டிலிருந்து அசையவில்லை, முட்டி அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை பாட்டை மாற்றிப் புல்லாங்குழலைப் போட்டாள். அன்றைக்கு வலி நாலு. செவ்வாய் மூன்றரை. புதன்கிழமை முட்டி எழுபத்தாறு. மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இனி வியாழக்கிழமை.

காலை பத்து மணிக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண் வந்தாள். மாமனார் அவளுக்கு வைத்திருந்த பெயர் முட்டி போலீஸ். அவள் கோணம் அளக்கும் கருவியை எடுத்ததும் அவர் தலையணைக்கடியிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கோணமானியை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அளவு செல்லும்.

"ஐயா, என்னோடது கம்பெனி கருவி."

"கம்பெனிக்காரன்தான் மொதல்ல தப்பு பண்ணுவான். நீ அளம்மா, நானும் அளக்கறேன்."

மருமகள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டுப் போனில் புல்லாங்குழலைத் தேடினாள்.

"இன்னைக்குப் போன் என்கிட்டயே இருக்கட்டும். நானே போட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

சரி, ஆர்வம் வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். அவர் திரையை ஒரு தட்டு தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். முட்டி போலீஸ் குதிகாலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். ஐம்பது, அறுபது, எழுபது. வழக்கமாக அறுபதிலேயே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பவர், இன்றைக்கு மூச்சைக்கூடச் சீராக விட்டார்.

"எழுபத்தொன்பது!" என்றாள் முட்டி போலீஸ். "வலி எவ்வளவு ஐயா?"

அவர் ஒரு காதைத் திறந்து, "மூணு" என்றார். "மூணே கால்னுகூட இல்ல, மூணுதான்."

"அக்கா, உங்க புல்லாங்குழல் சூப்பர்க்கா! இன்னும் ரெண்டு வீட்டுல இதையே போடச் சொல்லியிருக்கேன்."

மருமகள் நோட்டில் எழுதும்போது எழுத்தே கொஞ்சம் பெரிதாக விழுந்தது. மார்பு நிமிர்ந்துதான் இருந்தது அவளுக்கு, பொய் சொல்வானேன். மருந்துக்கடை வைத்திருக்கும் புருஷன், "பாட்டு கேட்டா வலி போயிடுமா? அப்ப நான் கடையை மூடிட்டுக் கச்சேரிக்குப் போறேன்" என்று முதல் நாள் அடித்த கிண்டலை அவள் இன்னும் மறக்கவில்லை. மதியம் சாப்பிட வரட்டும், நோட்டை இலையில் பரிமாறுகிற மாதிரி அவன் முன்னால் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

முட்டி போலீஸ் கிளம்பிப் போனாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மாமனார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இங்க உட்காரும்மா. ஒரு விஷயம்."

"காபி கலக்கவா மாமா?"

"காபி கிடக்கட்டும். இன்னைக்குப் பாட்டு ஓடவே இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. "போன் நின்னு போச்சா?"

"நான்தான் போடல. போடற மாதிரி திரையைச் சும்மா தட்டினேன். ஹெட்போனுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. வெறும் காது."

"அப்ப வலி?"

"மூணு. பொய்யில்ல. நெஜமாவே மூணு."

மருமகள் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க ஆஸ்பத்திரியில, சத்தமே போடாதப்பகூடப் பொத்தானை அமுக்கறவங்க இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"நிறையப் பேர் மாமா. அதுக்குத்தான் நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே போடாம விட்டுப் பார்ப்போம். அப்பவும் அமுக்கினா, மொத்தத்தையும் அடிச்சுட்டு மறுபடி..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்தினாள். முகம் சுட்டது. தினம் பத்துப் பேருக்குச் செய்கிற வேலை! சத்தமில்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வீட்டில் அவளுக்குத் தோன்றவே இல்லை. முட்டி மடங்கிய குஷியில் தொழிலே மறந்து போயிருக்கிறது.

"நீ மட்டுமா? நாலு நாளா எனக்கும்தான் குஷி" என்றார் அவர். "நேத்துதான் உறைச்சுது. எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல தட்டைக் காலியா வெச்சு முள்ளைப் பார்ப்பேன். முள் சுழியில, அதாவது பூஜ்யத்துல நிக்கணும். காலித் தட்டுக்கே எடை காட்டினா, எங்கேயோ என்னமோ ஒட்டியிருக்குன்னு அர்த்தம். இன்னைக்கு என்னைக் காலியா வெச்சுப் பார்த்தேன். எட்டுல நிக்க வேண்டிய முள் மூணுல நிக்குது."

"ஒருவேளை காயம் ஆறியிருக்கலாமே?"

"ஒரே ராத்திரியிலயா? ஞாயித்துக்கிழமை எட்டு, திங்கட்கிழமை நாலு. அப்படி ஆறினா அந்த டாக்டருக்குச் சிலை வைக்கணும். யோசிச்சுச் சொல்லு, திங்கட்கிழமை பாட்டைத் தவிர வேற என்ன மாறிச்சு?"

அவள் நோட்டைத் திருப்பினாள். எண்களுக்குப் பக்கத்தில் பொழுதுபோகாமல் என்னென்னவோ எழுதி வைத்திருந்தாள். போர்வை மாற்றியது, மழை பெய்தது, பக்கத்து வீட்டில் சுவர் இடித்தது. திங்கட்கிழமைக்கு நேராக ஒரு வரி இருந்தது. காலை ஏழு மணி, அப்பாவுக்கு ஜூஸ், இவரே போட்டார், உலக அதிசயம்.

எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதிய வரி. ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத புருஷன், திங்கள் முதல் தினமும் காலையில் எழுந்து பழம் பிழிந்து, கையோடு அப்பாவிடம் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறான். பாசம் பொங்குகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

அவள் நிமிர்ந்தபோது மாமனார் கட்டிலுக்கு அந்தப்புறமிருந்து ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்குக் குடிக்க லேட் பண்ணினேன். போன் வந்துச்சு, அவன் கடைக்கு ஓடிட்டான். கழுவாம வெச்சிருக்கேன்."

டம்ளரின் அடியில் பழச்சக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு நடுவே வெள்ளையாகத் துளித்துளியாக மாவு. பழத்தில் ஏது மாவு? அவள் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது.

"கசக்குதுடான்னு செவ்வாய்க்கிழமையே சொன்னேன்" என்றார் அவர். "தோல் சேர்ந்திருக்கும்பான்னான்."

மருமகளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள். "இப்பவே கேக்கறேன். என்ன தைரியம் இவருக்கு! உங்க கிட்னிக்கு என்ன ஆகும்னு இவருக்குத் தெரியாதா? இவர் படிச்சதே அதுதானே!"

"போனைக் கீழ வை."

"மாமா..."

"வைம்மா. சர்வீஸ்ல இருந்தப்ப நான் ஒரு கடையிலயும் தட்டை நானாத் தூக்கினதில்ல. கடைக்காரனை விட்டுத்தான் தூக்கச் சொல்லுவேன். அடியில இருக்கறதை அவனே எடுத்துக் காட்டணும். நாம தூக்கினா அவனுக்குக் கோபம்தான் வரும், வெக்கம் வராது. மதியம் சாப்பிட வருவான்ல, வரட்டும்."

அந்த இரண்டு மணி நேரத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். துவைத்ததையே மறுபடி துவைத்தாள். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது, அதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்படியானால் பாட்டு ஒன்றுமே செய்யவில்லையா? முதல் மூன்று நாளும் வலி எட்டிலேயேதானே இருந்தது? நர்ஸ் சும்மா ஆறுதலுக்குச் சொன்னாளா, அல்லது தான்தான் தப்பான பாட்டைப் போட்டாளா? கவலைப்பட வேண்டிய நேரத்தில் இது என்ன ஆராய்ச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் கேள்வி போகவில்லை.

ஒன்றரை மணிக்கு அவன் வந்தான். கையைக் கழுவிக்கொண்டே, "எத்தனை டிகிரி இன்னைக்கு?" என்று உற்சாகமாகக் கேட்டான்.

"எழுபத்தொன்பது" என்றார் அப்பா. "உட்காரு."

அவனுக்குச் சோறு போட்டாள். அப்பாவின் சக்கர நாற்காலியை மேசைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தினாள். அப்பா டம்ளரை எடுத்து, மகனுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவன் டம்ளரைப் பார்த்தான். அப்புறம் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயே சொல்லு" என்றார் அப்பா.

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "ஆஸ்பத்திரியில குடுத்த அதே வலி மாத்திரை, பாதிதான்" என்றான். "ஒரு நாளைக்குப் பாதி. ரொம்பக் குறைஞ்ச அளவு."

"டாக்டர் எவ்வளவு சொன்னார்?"

அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறினான்.

"எவ்வளவு சொன்னார்டா?"

"போடவே கூடாதுன்னார்."

"அப்ப பாதி எங்கேருந்து வந்துச்சு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "உங்களால தாங்க முடியுதுப்பா. என்னால முடியல! பத்து மணிக்கு நீங்க கத்தறது கடைவரைக்கும் எனக்குக் கேக்குது. கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு, கேக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா கேக்குது. அம்மா கடைசி ரெண்டு வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உன் கடையில இல்லாத மருந்தாடா, ஏதாவது குடுடா'ன்னு கெஞ்சினாங்க. நான் குடுத்தேனா? டாக்டர் வேணாம்னு சொல்லிட்டார்னு நீங்க வந்து சொன்னீங்க, நான் கல்லு மாதிரி நின்னேன். ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் அந்தக் கை என் மணிக்கட்டுல இருக்கு. மறுபடி ஒரு தடவை என்னால நிக்க முடியாது."

மருமகள் இதை இதுவரை கேட்டதில்லை. கோபம் போய்விடவில்லை, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மருமகளைப் பார்த்து, "அவன்கிட்டச் சொல்லு. இன்னைக்கே ரத்தம் எடுக்க ஆள் வரணும். நாலு நாள்ல கிட்னி என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

"இதோ எதிர்லதானே இருக்கேன், என்கிட்டயே சொல்லுங்களேன்பா."

"அவன்கிட்டச் சொல்லு, பேசற மாதிரி இல்லைன்னு."

மருமகள் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தபால்காரியானாள். "என்னங்க, ரத்தம் எடுக்க ஆள் வரணுமாம். பேசற மாதிரி இல்லையாம்." பிறகு தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். "காலையில ஏழு மணிக்குக் குடுத்த மாத்திரை எத்தனை மணிவரைக்கும் வேலை செய்யும்?"

"எட்டு மணி நேரம். மிஞ்சினா பத்து."

"அப்ப சாயந்திரம் ஆறு மணிக்கு உடம்புல ஒண்ணும் இருக்காதுல்ல?"

"வலியை அமுக்கற அளவுக்கு இருக்காது. ஏன்?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அந்தப் பழைய அதிகாரி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"முட்டி போலீஸுக்குப் போன் போடு. ஆறரைக்கு வரச் சொல்லு. அப்படியே அந்த ரெண்டு வீட்டுலயும் புல்லாங்குழலைப் பத்தி அடிச்சு விட வேணாம்னு சொல்லு" என்றார்.

இரண்டரை மணிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழு மணிக்குள் முடிவு வரும் என்றார்கள். அவன் கடைக்குப் போகவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மருமகள் மாமனாரின் கட்டிலோரம் உட்கார்ந்து போனில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதில் போட்டாள். வீணை போட்டாள்.

"தூக்கம் வருது."

"நல்லதுதானே மாமா?"

"முட்டியைப் போட்டு மடக்கும்போது எவன் தூங்குவான்? வேற போடு."

பழைய மெல்லிசை ஒன்றைப் போட்டாள். "இது முழுசும் எனக்குத் தெரியும். அடுத்த வரி என்னன்னு தெரிஞ்சா மனசு பாட்டுல நிக்காது, முட்டிக்குத்தான் ஓடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. இந்த மனிதருக்குச் சும்மா கேட்கத் தெரியாது. எதையாவது சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் சரிபார்க்க ஏதாவது கொடுக்க வேண்டும்.

தேடித் தேடி ஒன்றை எடுத்தாள். பாட்டே இல்லை. மூன்று பேர் சேர்ந்து மத்தளம் வாசித்த பதிவு, இருபது நிமிஷம். போட்ட அரை நிமிஷத்தில் அவருடைய வலதுகை விரல்கள் கட்டைவிரலைத் தொட்டு எண்ண ஆரம்பித்தன.

"ஏழு. ஏழு. ஏழு... இரு, இது ஏழில்லையே! ஏழரையா? நடுவுல இவன் எங்க போனான்?"

அவள் படக்கென்று நிறுத்தினாள்.

"ஏம்மா! நல்லாப் போயிட்டிருக்கும்போது..."

"மீதி ஆறரைக்கு" என்றாள்.

ஆறரை மணி. முட்டி போலீஸ் வந்ததும் விஷயத்தைக் கேட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஐயா, மாத்திரை இல்லாமன்னா இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். வேணும்னா நாளைக்கு..."

"நாளைக்கு என்ன, நாலு நாள்தான் இருக்கு. மொதல்ல பாட்டு இல்லாம மடக்கு. அப்புறம் பாட்டோட."

"ரெண்டு தடவையா!"

"காலித் தட்டைப் பார்க்காம எடை போடறதில்ல."

முதல் தடவை, ஹெட்போன் தலையில், சத்தம் இல்லை. ஐம்பத்தைந்திலேயே அவர் கை கட்டில் சட்டத்தைத் தேடியது. அறுபதில் ஒரு முனகல் வந்தது. அறுபத்தைந்தில் கத்திவிட்டார். கூடத்தில் நடந்துகொண்டிருந்தவனின் காலடிச் சத்தம் நின்றது. கதவருகே வந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"அறுபத்தெட்டு. போதும் ஐயா. வலி?"

"எட்டு." நெற்றியெல்லாம் வேர்வை. "முழு எட்டு. எழுதிக்கோ."

கால் மணி நேரம் ஓய்வு. மருமகள் தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம், விட்டுவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அவர்தான், "போடு அந்த மூணு பேரை" என்றார்.

மத்தளம் தொடங்கியது. வெளியில் இருப்பவர்களுக்குக் கொசு அளவுக்குத்தான் கேட்கும். அவருடைய விரல் எண்ண ஆரம்பித்தது. முட்டி போலீஸ் குதிகாலைப் பிடித்தாள். ஐம்பது. அறுபது. முகம் சுருங்கியது, விரல் நிற்கவில்லை. அறுபத்தைந்து. பல்லைக் கடித்தார். சட்டத்தைப் பிடிக்கப் போன இடதுகை பாதியில் நின்று, அதுவும் தாளம் போட ஆரம்பித்தது.

"அஞ்சு, ஆறு, ஏழு... அடப்பாவி!" என்று கத்தினார். ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது, தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "ஏழாவது அடியை முழுங்கிட்டான்! மருமகளே, நீ கேட்டியா? ரெண்டாமத்தவன் முழுங்கறான், மூணாமத்தவன் அதை எடுத்து... ஐயோ, அம்மா... எடுத்துப் போடறான்! இரு, இரு, மறுபடி வரான்!"

எழுபது. எழுபத்திரண்டு. வலி இல்லாமலில்லை. ஐயோ என்பதும் அம்மா என்பதும் எண்ணிக்கைக்கு நடுவிலேயே வந்து வந்து போயின. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் விட்ட இடத்துக்கே எண்ணப் போனார். மருமகள் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி போய்விடவில்லை, அவருக்கு அதைவிட முக்கியமான வேறு வேலை வந்திருந்தது.

முட்டி போலீஸ் கருவியை வைத்தாள். மருமகள் பள்ளிக்கூடக் கோணமானியையும் வைத்தாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

"எழுபத்தாறு!"

மருமகள் ஒரு காதைத் திறந்து, "வலி எவ்வளவு மாமா?" என்றாள்.

அவர் அவசரப்படவில்லை. கண்ணை மூடி, தனக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆறே கால்."

"நெஜமாவா? என்னைச் சந்தோஷப்படுத்தறதுக்காகச் சொல்ல வேணாம்."

"உன்னைச் சந்தோஷப்படுத்தணும்னா மூணுன்னு சொல்ல மாட்டேனா? எட்டுலேருந்து ஆறே கால். ஒண்ணே முக்கால் குறைஞ்சிருக்கு. பாட்டால குறைஞ்சது அவ்வளவுதான். ஆனா அது கலப்படமில்லாதது."

ஒன்றே முக்கால்! காலையில் மூன்று என்றபோது வந்த சந்தோஷத்தைவிட இது பெரிதாக இருந்தது அவளுக்கு. அழுகையும் சிரிப்புமாக வந்தது. நாலு நாள் பக்கத்தையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் எழுதினாள். தொண்ணூறுக்கு இன்னும் பதினாலு டிகிரி. திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்று நாள்.

அப்போதுதான் கதவருகே நின்றவனின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. ரத்தப் பரிசோதனை முடிவு.

அவன் திரையைப் பார்த்தான். மருமகள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், அந்த முகம் அவளுக்கு அத்துப்படி. அவன் ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். திரையில் இருப்பதற்கும் வாயில் சொல்வதற்கும் நடுவே, எல்லாருக்கும் வசதியான ஒரு எண். வேண்டாம்ங்க என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவன் கட்டிலருகே வந்தான். அப்பாவின் ஹெட்போனைத் தானே கழற்றிக் கட்டிலில் வைத்தான்.

"கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒன்பது" என்றான். "போன தடவை ஒண்ணு புள்ளி அஞ்சு. ஏறியிருக்குப்பா. நான்தான் ஏத்தினேன். டாக்டருக்குப் போன் பண்ணி, என்ன மாத்திரை, எத்தனை நாள்னு எல்லாத்தையும் நானே சொல்லிடறேன். காலையில கூட்டிட்டுப் போறேன். திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க."

முட்டி போலீஸ் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினாள். நல்ல பெண்.

அப்பா திட்டவில்லை. மகனுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியத்திலிருந்து அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது பேசினார்.

"உட்காருடா."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உங்கம்மாவுக்கு மாத்திரை குடுக்க வேணாம்னு டாக்டர் சொன்னார்னு உன்கிட்ட வந்து சொன்னேன்ல?"

"ஆமா."

"டாக்டர் அப்படிச் சொல்லல. குடுக்கலாம்னுதான் சொன்னார். வேணாம்னது நான்."

ஹெட்போனுக்குள் அந்த மூன்று பேரும் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்த வேண்டும் என்று மருமகளுக்குத் தோன்றவில்லை. அவன் அப்பாவின் முகத்தையே பார்த்தான். ஆறு வருடமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை முதல் தடவையாக வேறொருவரிடம் கேட்டான்.

"ஏன்ப்பா?"